கப்பலுக்கு ஜன்னல் மாட்டிய மதினிக்கு

மதினி,

இன்று காலை பட்டறையில் ஒரு புது சிலிகான் டியூபின் மூக்கை அறுத்தேன். குப்பென்று அந்தப் புளித்த வாடை. அந்த நேரம் பார்த்துப் பலகாரத் தூக்கோடு உள்ளே வந்த என் வீட்டுக்காரி, வாசலிலேயே நின்றுவிட்டாள். மூக்கைச் சுளித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்ன, அக்கா வந்துட்டுப் போனாகளா?" என்றாள். கேலிக்காகச் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மற்ற பெண்கள் கல்யாண வீட்டுக்கு மல்லிகைப்பூ வாசத்தோடு வருவார்கள். நீங்கள் சிலிகான் வாசத்தோடு வருவீர்கள். சின்னமனூரில் எந்த மண்டபத்துப் பந்தியிலும் என் கண்ணைக் கட்டிவிட்டால்கூட, நீங்கள் எந்த இலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று காட்டிவிடுவேன். என் அண்ணன் பெண்டாட்டி அலுமினிய ஜன்னல் பட்டறை நடத்துகிறார் என்று நான் ஊருக்குச் சொல்லவேண்டிய அவசியமே இருந்ததில்லை. காற்றே சொல்லிவிடும்.

நீங்கள் போய் ஒரு வருடத் திவசமும் முடிந்தது. உங்கள் படத்தை வீட்டில் அல்ல, பட்டறையில்தான் மாட்டவேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். மாட்டியாயிற்று. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அதை நேராக்க ரசமட்டத்தைக் கையில் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். தெரிந்த கதையை உங்களுக்கே திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோதும் அதைத்தானே செய்தேன்? அப்போது பாதியில் குறுக்கே விழுந்து, "பொய்யி, பொய்யி, அப்படி நடக்கல" என்பீர்கள். இப்போது முழுசாக என் பக்கத்து நியாயத்தை எழுதிக்கொள்ளலாம். இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் இந்த ஒரு சௌகரியம் இருக்கிறது.

கம்பத்து ஏலக்காய்க்காரரிடமிருந்து தொடங்குகிறேன். கம்பத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடரே குறுக்கே நிற்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் கப்பல் வாங்கியவர் அவர். அவருடைய சகலை மூணாறில் ஒரு பங்களா வாங்கிப் போட்டார். அதற்குப் பதில் சொல்லாவிட்டால் மாமனார் வீட்டு விசேஷத்தில் எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவது? கொச்சிக்கு ஏலக்காய் விற்கப் போன மனிதர், திரும்பி வரும்போது ஒரு பழைய மோட்டார் யாட்டுக்குச் சொந்தக்காரராக வந்தார். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு துக்கடா சமையல்கட்டு, சுற்றிலும் ஜன்னல். காயலில் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. நம் பள்ளத்தாக்கில் அதற்கு யாட் என்று யாரும் சொல்லவில்லை. "கம்பத்தாளு கப்பலு" என்றார்கள். சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர்கள்கூட, "கப்பல்காரரே, ஒரு கிலோ போடவா?" என்று கேட்டு அவரை வெட்கப்படுத்தினார்கள்.

அந்தக் கப்பல் ஒழுகியது.

அவர் நம் பட்டறைக்கு வந்து செல்போனில் எடுத்த படத்தைக் காட்டியது நினைவிருக்கிறதா? வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே ஜன்னலுக்குக் கீழே பலகை வழியாகத் தண்ணீர் கோடு கோடாக இறங்குகிறது. மெத்தையின் மேல் ஒரு சருவச்சட்டி. படத்தின் பின்னணியில் அவருடைய வீட்டம்மா குரல்: "ஒழுகுற வீட்டுல பொறந்தேன். ஒழுகுற வீட்டுல வாக்கப்பட்டேன். இப்பத்தான் ஒழுகாத வீட்டுல ஒக்காந்தேன். இந்த மனுசன் என்னைய ஒழுகுற கப்பலுக்குக் கூட்டிட்டு வந்திருக்காரு!"

"அங்கன கொச்சியில ஆளு இல்லையாக்கும்?" என்று அண்ணன் கேட்டார். வேலை வந்தால் முதலில் அதைத் திருப்பி அனுப்ப வழி தேடுவது அண்ணனின் சுபாவம்.

"இருக்காக. வருசத்துக்கு ஒருத்தன் வந்து சிலிகானப் பூசிட்டுப் போறான். மறு வருசம் வேற எடத்துல ஒழுகுது. எங்க வீட்டுல இந்த மழைக்கு ஒரு நா வந்து ஒக்காந்து பாப்பாகளாம். ஒரு சொட்டு விழுந்தாலும் கப்பல வித்துறணும்னுட்டாக."

நீங்கள் அந்தப் படத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தீர்கள். தண்ணீரைப் பார்க்கவில்லை. சட்டத்தின் மூலைகளைப் பார்த்தீர்கள். பிறகு, "நாங்க செஞ்சு தாரோம்" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஏலக்காய்க்காரருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் ஜன்னல் கடைகள் தேனிச் சாலை நெடுக முளைத்துவிட்டன. நம் பட்டறையில் கட்டர் ஓடும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சிமெண்டு ஏஜென்சிக்காரர் ஒருவர் பட்டறையைக் குடோனுக்குக் கேட்டு வந்துபோய்க்கொண்டிருந்தார். அண்ணன் முக்கால்வாசி தலையாட்டிவிட்டார். மீதிக் கால்வாசியில்தான் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "சரி, போயிட்டு வா. ஆனா ஒரு சொட்டு உள்ள வந்தாலும் பட்டறைய சிமெண்டுக்காரருக்கு விட்டுருவேன். பெறகு நீ ஒரு வார்த்த பேசக்கூடாது."

"வரலேன்னா?"

"வரலேன்னா... பாப்போம்."

"பாப்போம்லாம் கெடையாது. வரலேன்னா நீங்க ஒரு வார்த்த பேசக்கூடாது."

வீட்டில் உங்களுக்கு அடுப்பு இருந்தது, பீரோ இருந்தது, தொலைக்காட்சிக்கு எதிரே ஒரு நாற்காலி இருந்தது. நீங்கள் இருந்தது பட்டறையில்தான். (சமையலும் உங்களுக்கு அவ்வளவாக வராது. உங்கள் சாம்பாரைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கடிதத்தின் மரியாதை கெட்டுவிடும்.) அந்த ஷட்டரை இறக்கி உள்ளே சிமெண்டு மூட்டை அடுக்கினால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று அன்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் என்னிடம், "ஒன்னய யாருடா கேட்டா?" என்று ஏற்கெனவே இரண்டு தலைமுறைக்குப் போதுமான அளவு சொல்லியிருக்கிறார்.

"கொழுந்தனாரே, வாரீகளா?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். பட்டறையில் என் வேலை அளவெடுப்பது. அதாவது, நீங்கள் அளவெடுக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது. கொச்சியில் அதற்கு வேறு ஆள் கிடைக்காதா என்ன? ஆனாலும் கூப்பிட்டீர்கள். கிளம்பினேன்.

அலுமினியக் குழல்களை வாழைத்தார் ஏற்றிய மினி லாரியின் மேல் கட்டிக்கொண்டு போனோம். குமுளி மலை வளைவுகளில் ஓட்டுநர் திருப்பும்போதெல்லாம் குழல்கள் உரசிச் சத்தம் போட்டன; நீங்கள் தலையை வெளியே நீட்டி, "ஏலே, பாத்துப் போடா, கோடு விழுந்துரும்" என்று கத்தினீர்கள். அவன் கடைசிவரை வாழைப்பழத்தில் எப்படிக் கோடு விழும் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினான்.

படகை ஓட்டுவதும் காவல் காப்பதும் குஞ்ஞுமோன் என்ற மலையாளத்துக்காரர். நரைத்த மீசை, எப்போதும் ஒரு தொப்பி. படகோடு பேசுவார். நாம் ஏறியதும் அதன் பக்கவாட்டில் தட்டி, "பாண்டிநாட்டுல நின்னு வைத்தியர் வந்நு" என்று அதற்குச் சேதி சொன்னார். உங்களைச் சேச்சி என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. காரணம், ஏறிய கொஞ்ச நேரத்தில் நான் படகின் பின்தட்டில் மல்லாந்துவிட்டேன். கயிறு போட்டுக் கட்டிய படகில், அலையே இல்லாத காயலில், எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. குஞ்ஞுமோன் ஒரு எலுமிச்சம்பழத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தார். நீங்கள் உதவிக்கு வரவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, "ஒரு நல்ல சேதி. ஒங்க தம்பி மாசமா இருக்காக" என்று சொன்னீர்கள். அந்தச் செய்தி நாம் திரும்புவதற்குள் சின்னமனூர் முழுக்கப் பரவி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னிடம் எத்தனை மாசம் என்று கேட்டார்கள்.

முதல் சட்டத்தைக் கழற்றியதும் கதை விளங்கியது. மரத்தின் வயதை வளையம் எண்ணிச் சொல்வார்களாம். அந்த ஜன்னலின் வயதை சிலிகான் பட்டைகளை எண்ணிச் சொல்லலாம். வெள்ளைக்கு மேல் கறுப்பு, கறுப்புக்கு மேல் சாம்பல், அதற்கும் மேல் என்னவோ ஒன்று. நீங்கள் சமையல்கட்டிலிருந்து ஒரு டீக்கரண்டி எடுத்துவந்து, ஜன்னலுக்குக் கீழே பலகையில் குத்தினீர்கள். புண்ணாக்கு மாதிரி உதிர்ந்தது. வெளியே பளபளவென்று பெயிண்ட். உள்ளே வெறும் மாவு. நம் ஊர்ச் சம்பந்திகள் சிலரின் முகம் என் நினைவுக்கு வந்தது. பெயரைச் சொன்னேன். நீங்கள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தீர்கள்.

சட்டத்தின் அடிப்பள்ளத்தில் தண்ணீர் வெளியே வடிவதற்குச் சின்னத் துளைகள் இருந்தன. முன்னால் வந்த மகராசன்கள் அவற்றையும் சிலிகான் வைத்து அடைத்திருந்தார்கள். பள்ளத்தில் நிறைகிற தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. உள்ளேதான் வரும்.

"பாத்தீகளா?" என்றீர்கள். "வரப்ப ஒசத்திக் கட்டிட்டு வடிகால அடைச்சா நெல்லு அழுகாம என்ன செய்யும்?" பண்ணைப்புரத்து வயல்காட்டில் பிறந்த நீங்கள், தண்ணீரை அணைக்கட்டு அதிகாரிபோல விரட்டாமல், வந்த விருந்தாளிபோல நடத்துவீர்கள். "தண்ணிய வராதேன்னு சொல்லக்கூடாது கொழுந்தனாரே. வந்தீகளா, இந்தா இப்படிப் போங்கன்னு வழியக் காட்டணும்." படகு நிற்கும்போது பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும் என்று குஞ்ஞுமோன் சொன்னார். அதனால் புதுச் சட்டங்களில் துளைகளைப் பின்மூலையில் போட்டீர்கள்.

உளுத்த பலகையை வெட்டி எறிந்து, புது மரம் வைத்து, அதில் புதுச் சட்டங்களை நிறுத்தினோம். பஸ் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புப் பசைப் பட்டையைச் சுற்றிலும் பதித்து, துருப்பிடிக்காத திருகாணிகளை ஒரே சீராக இறுக்கினோம். வீட்டு ஜன்னலுக்குச் செய்வது போலவே ஒவ்வொரு சட்டத்துக்கும் ரசமட்டம் வைத்தோம். நான் பிடித்தேன். நடுவிலே குமிழி வந்து நின்றது. நீங்கள் குனிந்து பார்த்து, "சரி, இறுக்குங்க" என்றீர்கள். இந்த இடத்தை நான் வேண்டுமென்றே நிதானமாக எழுதுகிறேன். பிடித்தது நான், 'சரி' என்றது நீங்கள். நம் இருவருக்குள்ளும் இந்த வழக்கு கடைசிவரை தீர்ப்பாகவில்லை.

வேலை முடிந்தது. மிச்சப் பலகை, குழல், தண்ணீர்க் கேன்கள், டிரில் பெட்டி, எல்லாவற்றையும் பின்தட்டிலிருந்து கரையில் இறக்கினோம். நானும் இறங்கினேன். இனி சோதனை. நீங்கள் கைப்பையைத் திறந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்தீர்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் உள்பக்கம், சட்டமும் பலகையும் சேருகிற இடம் முழுக்க, விரலால் தொட்டு மெல்லிசாகப் பூசிக்கொண்டே போனீர்கள். ஈரம் பட்டால் விபூதி கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வீடுகளிலும் நீங்கள் இப்படித்தான் பார்ப்பீர்கள். குஞ்ஞுமோனுக்கு அது தெரியாது. பூஜை நடக்கிறது என்று எண்ணித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பாதுகாப்புக்காகத் தன் பங்குக்கு ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டார்.

நான் வெளியே நின்று ஓஸ் குழாயால் தண்ணீர் அடித்தேன். ஒவ்வொரு ஜன்னலாக நனைத்துக்கொண்டே போனேன். பிறகு உள்ளேயிருந்து, "நிறுத்துங்க!"

ஓடிவந்து பார்த்தேன். முதல் ஜன்னலின் முன்மூலையில் விபூதி கறுத்துக் கிடந்தது. அடுத்ததிலும் அதே முன்மூலை. அடுத்ததிலும். பின்மூலையில் போட்ட துளைகள் காய்ந்துபோய் நம்மைப் பார்த்தன.

நீங்கள் கரைக்கு இறங்கினீர்கள். கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி நின்றீர்கள். "கொழுந்தனாரே, இங்கன வாங்க."

வந்தேன். பார்த்தேன். படகின் பக்கவாட்டில் நீளமாக ஒரு நீலக்கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கு மேலே நம் ஜன்னல்கள் அத்தனையும் முன்பக்கமாகத் தலை கவிழ்ந்து நின்றன, தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மாடுகள் வரிசை கட்டி நிற்பதுபோல.

குஞ்ஞுமோன்தான் கையால் காட்டி விளங்கவைத்தார். ஒரு கையைப் படகாக நீட்டினார். அதன் பின்பக்கத்தைத் தாழ்த்தினார்: "பாரம் உண்டு." பிறகு தூக்கினார்: "பாரம் போயி. படகு பொந்தி." என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பாரத்தில் நானும் சேர்த்தி.

பலகை, குழல், தண்ணீர் எல்லாவற்றையும் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, வழக்கத்துக்கும் கீழே அமுங்கிக் கிடந்த படகில், நாம் ரசமட்டம் பார்த்திருக்கிறோம். பாரம் இறங்கியதும் படகு தன் நிலைக்கு நிமிர்ந்துவிட்டது. ஜன்னல்கள் மட்டும் கோணிக்கொண்டன. மிதக்கிற பொருளுக்குக் குமிழி வைத்து மட்டம் பார்த்த இரண்டு பேர் இந்த உலகத்தில் உண்டென்றால், அவர்கள் சின்னமனூரிலிருந்துதான் போயிருக்க முடியும். நாம் பார்த்த வீடெல்லாம் வைத்த இடத்தில் நிற்கும்; நகராது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன். "என்ன, ஒழுகுதா?"

"இப்பத்தான் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கோம். பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டீர்கள்.

வைத்ததும் படித்துறைக் கல்லில் உட்கார்ந்தீர்கள். ஏலக்காய்க்காரர் வீட்டம்மா வர வெகு நாள் இல்லை. உங்கள் விரலில் விபூதி ஒட்டியிருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். "பட்டறை போயிருமோ கொழுந்தனாரே?" என்றீர்கள். நீங்கள் என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். எனக்கு எப்போதும் தப்பான நேரத்தில்தான் தமாஷ் வரும். "போனா என்ன மதினி, சிமெண்டு விப்போம்" என்றேன்.

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். "சிமெண்டுக் குடோனுக்கு ஜன்னலே வைக்க மாட்டானுக, தெரியும்ல?" என்றீர்கள். சொல்லிவிட்டு எழுந்துவிட்டீர்கள். என் தமாஷுக்காக நீங்கள் எழுந்தீர்கள் என்று நான் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோபத்தில் எழுந்தீர்கள் என்பதுதான் உண்மைக்குப் பக்கம்.

முன்மூலையில் இன்னொரு துளை போட்டுவிட்டால் வேலை முடிந்ததே என்று யோசனை சொன்னேன். சோம்பேறிக்கு வருகிற யோசனை.

"ஓடுறப்ப மூக்கு ஒசரும். அப்பத் தண்ணி பின்னால வரும். நிக்கிறப்ப முன்னால போகும். எங்கெங்க ஓட்ட போடுவீக? சல்லடையா செய்யுறோம்? சரி, தண்ணியக்கூட அடைச்சுறலாம். பாக்குறவுக கண்ணுக்குக் கோணலாத் தெரியுதே, அத எந்த டேப்ப ஒட்டி அடைப்பீக?"

எல்லாத் திருகாணிகளையும் கழற்றினோம். பட்டையைச் சுரண்டினோம். நான் பழக்க தோஷத்தில் ரசமட்டத்தை எடுத்தேன். "அத மொதல்ல பெட்டியில போடுங்க. இந்த வீட்டுக்குப் பூமி சொந்தமில்ல" என்றீர்கள். பிறகு ஒரு குச்சியை வெட்டினீர்கள். படகின் தளத்திலிருந்து ஜன்னலின் கீழ்விளிம்பு வரை அந்தக் குச்சிதான் அளவு. முன்மூலைக்கும் அதே குச்சி, பின்மூலைக்கும் அதே குச்சி. படகு எப்படி ஆடினாலும் அதன் தரை அதன் கூடவே ஆடும் அல்லவா? இந்த முறை எனக்கு டேப்பைப் பிடிக்கிற வேலைகூட இல்லை. குஞ்ஞுமோனும் நானும் எலுமிச்சம்பழத்தை மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டு பலகை பிடித்தோம். அவருக்கு ஒன்றும் தலை சுற்றவில்லை; வாசனை பிடித்துப்போய்விட்டது.

வீட்டம்மா வந்த அன்று கேட்டுவாங்கிய மாதிரி மழை. ஏலக்காய்க்காரர் குடை பிடித்துக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் பழைய நூல்சேலை கட்டி, இடுப்பில் சருவச்சட்டியை இடுக்கிக்கொண்டு ஏறினார். படத்தில் பார்த்த அதே சட்டி. ஹாலில் எது பெரிய ஜன்னல் என்று பார்த்து, அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, சட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, காப்பி..." என்று ஏலக்காய்க்காரர் தொடங்கினார்.

"மொதல்ல மழ பெய்யட்டும்."

பெய்தது. காயலும் வானமும் ஒன்றாகிவிட்ட மாதிரி பெய்தது. நாம் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். அந்த அம்மாள் ஜன்னலை அண்ணாந்து பார்ப்பார், பிறகு சட்டிக்குள் பார்ப்பார், மறுபடி ஜன்னலை. ஒரு தடவை எழுந்து பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக் கையை முகர்ந்தார். வெளியே சட்டத்தின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுங்காக, சின்னக் கம்பிபோல, பக்கவாட்டில் வடிந்துகொண்டிருந்ததை நான் மட்டும் வாசல் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். விருந்தாளி வந்தார், இப்படிப் போங்க என்றதும் போய்க்கொண்டிருந்தார்.

மழை விட்டபாடில்லை. படகு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளின் பார்வை சட்டிக்குப் போவது குறைந்தது. பிறகு தலை பின்னால் சாய்ந்து ஜன்னல் பலகையில் பட்டது. சட்டி மடியிலிருந்து நழுவியது. தரையில் விழுந்து சத்தம் போடுவதற்குள் நீங்கள் பாய்ந்து பிடித்தீர்கள். அத்தனை உடம்பை வைத்துக்கொண்டு நீங்கள் அப்படிப் பாய்ந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, அந்த அம்மாள் அயர்ந்து தூங்கினார்.

"இவ பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்லம்மா" என்று ஏலக்காய்க்காரர் கிசுகிசுத்தார். "அதுவும் மழையில! மழ வந்தாலே எந்திரிச்சு வீடு பூராச் சுத்துவா."

நீங்கள் உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினீர்கள். அந்த அம்மாளுக்கு ஆயுசு முழுக்க மழை என்றால் பாத்திரம் தேடுகிற நேரம். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்களுக்குப் படத்தைப் பார்த்த அன்றே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெளித்தட்டுக்கு வந்து, கூரை ஓரத்தில் ஒண்டியபடி அண்ணனுக்குப் போன் போட்டீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒட்டுக்கேட்பது என் பிறவிக்குணம்.

"என்ன, ஒழுகுதா?"

"தூங்குறாக."

"யாரு?"

"வீட்டம்மா. கொட்டுற மழையில. நம்ம ஜன்னலுக்குக் கீழ."

அண்ணன் போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"சிமெண்டுக்காரர வேற எடம் பாக்கச் சொல்லிருங்க" என்றீர்கள். குரலை உயர்த்தவேயில்லை, உள்ளே தூக்கம் கலைந்துவிடும் என்பதற்காக. அண்ணன் சொன்ன சொல்படி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகு நம் பள்ளத்தாக்கில் வீடு கட்டுகிறவர்களெல்லாம் வந்து, "எங்களுக்கும் அந்தக் கப்பல் ஜன்னலு போடுங்க" என்று கேட்டதும், நீங்கள் வீட்டு ஜன்னலையே அந்தப் பெயரில் மாட்டிக் கொடுத்ததும் ஊரறிந்தது. ஏலக்காய்க்காரர் நிலைமைதான் பரிதாபம். வீட்டம்மாவுக்கு மழைக்காலம் முழுக்கக் கப்பல்தான். அக்கா தங்கைகளையும் கூட்டிப்போகிறார். மூணாறு பங்களாக்காரர் மனைவி உட்பட. போன வாரம் மனிதரைப் பார்த்தேன். "எனக்கு அங்கன படுக்க எடமில்லப்பா" என்று சொல்லிப் பெருமையோடு அழுதார்.

நீங்கள் போனபிறகு பட்டறை என் தலையில் விழும் என்றும், நான் அதை ஆறு மாதத்தில் மூடிவிடுவேன் என்றும் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் நானும் ஒருவன். மூடவில்லை. கட்டர் ஓடுகிறது. அண்ணன் இப்போது வேலையைத் திருப்பி அனுப்புவதில்லை. வருகிறவர்களிடம் இரண்டு ஜன்னல் கூடவே வைக்கச் சொல்லி வாதாடுகிறார். எனக்கும் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது. மழை பெய்தால் நான் ஜன்னலைப் பார்ப்பதில்லை மதினி. உள்ளே இருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்கிறேன்.

போன மாதம் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் போன் போட்டார். நாம் மாட்டிய ஜன்னலில் தண்ணீர் உள்ளே வருகிறதாம். அவர் கேட்ட கேள்வியில் எனக்கு நாலு நாள் சாப்பாடு இறங்கியிருக்கக் கூடாது. இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். போகிற வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுப் பக்கவாட்டில் போய்ச் சட்டத்தின் அடியைப் பார்த்தால், வடிகிற துளையில் ஒரு குளவி மண்ணைக் குழைத்து அழகாக வீடு கட்டியிருக்கிறது. வேலியோரம் கிடந்த ஈர்க்குச்சியால் குத்திவிட்டேன். மண் கரைந்து, பள்ளத்தில் கட்டிக்கிடந்த தண்ணீர் என் சட்டையெல்லாம் கொட்டியது. காலிங்பெல் அடிக்கலாம் என்று கையைத் தூக்கியபோது ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். என்னை அத்தனை பேச்சுப் பேசிய மனிதர், நாற்காலியில் சாய்ந்து, ஜன்னல் பக்கம் தலையை வைத்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பெல் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் மழையிலேயே நின்று பார்த்துவிட்டு வண்டியைச் சத்தமில்லாமல் ரோடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தேன்.

நனைந்த கோழியாகப் பட்டறைக்குள் நுழைந்தேன். அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா, ஒழுகுதா?"

"இல்லண்ணே," என்றேன். "தூங்குறாக."